வியன்னாவிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் குளிர்காலத்தில் ரயிலில் போவது எப்படி

வியன்னாவில் ஒரு மாலை ரயிலேறி, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளைத் தாண்டி, இஸ்தான்புல்லில் ஒரு விடியற்காலையில் இறங்குவது இன்றைக்கும் முழுக்க ரயிலிலேயே செய்து முடிக்கக்கூடிய பயணம். நேரடி ரயில் கிடையாது. வியன்னாவிலிருந்து புக்கரெஸ்ட் வரை ஓர் இரவு ரயில், அங்கிருந்து டான்யூப் ஆற்றைக் கடந்து ரூசே வரை ஒரு பகல் ரயில், ரூசேயிலிருந்து சோபியா வரை இன்னொன்று, சோபியாவிலிருந்து இஸ்தான்புல்லின் புறநகரான ஹல்கலி வரை மீண்டும் ஓர் இரவு ரயில் என நான்கு துண்டுகளாகத்தான் போக வேண்டும். இந்த வழியில் நான் இரண்டு முறை, இரண்டும் ஜனவரி மாதத்தில், போயிருக்கிறேன். முதல் முறை தனியாக. இரண்டாம் முறை 68 வயதான என் அப்பாவோடு. முதல் பயணத்தில் பட்ட பாடுதான் இரண்டாம் பயணத்தை ஒழுங்காகத் திட்டமிடக் கற்றுக்கொடுத்தது. குளிருக்கு உடுப்பு உண்டு. ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் போதிய நேரம் விடாத திட்டத்துக்கு மட்டும் மருந்தே இல்லை என்பதை இந்தப் பாதையில் போக நினைக்கும் எவருக்கும் முதலில் சொல்வேன்.

1883 அக்டோபர் 4 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியன்ட் எக்ஸ்பிரஸும் வியன்னா, புடாபெஸ்ட், புக்கரெஸ்ட் வழியாகத்தான் வந்தது. அப்போது இஸ்தான்புல் வரை தொடர்ச்சியான தண்டவாளம் இல்லாததால், பயணிகள் ருமேனியக் கரையிலுள்ள ஜூர்ஜுவில் இறங்கி, படகில் டான்யூபைக் கடந்து, ரூசேயில் வேறு ரயில் பிடித்து வர்னா துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். 1889-இல்தான் பாதை முழுதாக இணைந்தது. 1929-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், துருக்கிக்குள் செர்கெஸ்கோய் என்ற ஊருக்கு அருகே அந்த ரயில் பனியில் சிக்கி, ஏறத்தாழ ஐந்து நாள்கள் அசையாமல் நின்றது. இப்போது அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தத் தடத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரத் தாமதம் வரத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

எத்தனை நாள் ஒதுக்குவது

கால அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கு இரவுகளில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் போகாதீர்கள். முதல் பயணத்தில், ஒரு மாற்று நிலையத்தில் 40 நிமிட இடைவெளியை நம்பி அடுத்த ரயிலுக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். வந்த ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அடுத்த ரயில் மறுநாள் காலையில்தான். காத்திருப்பு அறையின் கதவு சரியாக மூடவில்லை. யாராவது உள்ளே வரும்போதெல்லாம் அவர்களோடு கொஞ்சம் பனித்துகளும் வந்து தரையில் விழுந்தது. என் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்த துகள் விடியும்வரை உருகாமலே கிடந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனித்தனியாக வாங்கிய சீட்டு என்பதால், தவறிப்போன ரயிலின் கட்டணமும் போயிற்று. முதல் ரயிலின் தாமதத்துக்கு இரண்டாம் ரயிலை நடத்துபவர் பொறுப்பாக மாட்டார் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஆகவே ஆறு இரவுகள் ஒதுக்குங்கள்: முதல் இரவு ரயிலில், இரண்டாம் இரவு புக்கரெஸ்டில், மூன்றாம் இரவு ரூசேயில், நான்காம், ஐந்தாம் இரவுகள் சோபியாவில், ஆறாம் இரவு மீண்டும் ரயிலில், ஏழாம் நாள் காலை இஸ்தான்புல். இப்படி வைத்தால் ஒரு நாள் முழுதாக வீணானாலும் மொத்தத் திட்டம் குலையாது. இஸ்தான்புல்லிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தைப் போய்ச் சேரும் நாளிலோ மறுநாளிலோ வைக்காமல், இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ரயில்களின் ஆண்டு அட்டவணை டிசம்பர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் மாறும். அக்டோபரில் பார்த்து எழுதிவைத்த நேரம் ஜனவரியில் இருக்கும் என்ற உறுதி இல்லை. அட்டவணை மாறிய பிறகு எல்லா ரயில்களின் நேரத்தையும் ஒருமுறை புதிதாகச் சரிபாருங்கள்.

விசாவும் சீட்டும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதை முன்பைவிட இப்போது மிகவும் எளிதாகிவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் நிலவழி எல்லைகளிலும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், முழுமையாக வந்துவிட்டதால், ஆஸ்திரியாவிலிருந்து பல்கேரியாவின் தெற்கு எல்லை வரை ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன திட்டப்படி போனால் அது பல்கேரியாவாகக்கூட அமையலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இந்த விசாவுக்குக் கட்டாயம். வாங்கும்போதே துருக்கியில் கழிக்கும் நாள்களுக்கும் செல்லுபடியாகும் காப்பீடாகக் கேட்டு வாங்குங்கள்.

துருக்கிக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கா அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ உள்ள இந்தியர்கள் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே இ-விசா பெறலாம். ஒரே முறை நுழையலாம், 30 நாள் தங்கலாம். இதில் பலர் கவனிக்கத் தவறும் நிபந்தனை ஒன்று உண்டு. துருக்கிக்குள் நுழையும் நாளில் அந்த ஷெங்கன் விசா உயிரோடு இருக்க வேண்டும். சோபியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்து, அந்த ஒரு நாளில் ஷெங்கன் விசா காலாவதியானால் இ-விசாவும் பயன்படாமல் போய்விடும். ஆகவே விசா முடியும் தேதிக்கும் எல்லையைக் கடக்கும் தேதிக்கும் இடையில் நான்கைந்து நாளாவது இருக்கட்டும். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு துருக்கிக்குள் போய்விட்டால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சீட்டைப் பொறுத்தவரை, வியன்னா–புக்கரெஸ்ட் இரவு ரயிலுக்கு இணையத்திலேயே படுக்கை பதிவு செய்யலாம். இதன் பெயர் டாசியா. இதில் ஒருவர், இருவர், மூவர் படுக்கும் தனியறைகளும், ஆறு பேர் படுக்கும் கூஷெட் எனப்படும் எளிய படுக்கை அறைகளும் உண்டு. குளிர்காலத்தில் கூஷெட்டில் படுப்பவர்கள் மேல்படுக்கையைத் தவிர்ப்பது நல்லது. வெப்பம் மேலே ஏறித் தேங்குவதால் அங்கே தூங்கவே முடியாத அளவுக்குப் புழுங்கும். சோபியா–இஸ்தான்புல் ரயிலுக்கு இணையப் பதிவை நம்பியிருக்காமல், சோபியா மத்திய நிலையத்தின் பன்னாட்டுச் சீட்டு அறையில் நேரில் வாங்குவதாகத் திட்டமிடுங்கள். சோபியாவில் இரண்டு இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்: இறங்கியவுடன் சீட்டை வாங்கிவிட்டு, பிறகு விடுதிக்குப் போகலாம். பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டாக உதவும் பாஸ்களும் உண்டு: ஐரோப்பாவில் குடியிருக்கும் தமிழர்கள் இன்டர்ரயில் பாஸையும், இந்தியாவிலிருந்தோ வேறு நாடுகளிலிருந்தோ வருபவர்கள் யூரயில் பாஸையும் இந்த ஐந்து நாடுகளிலும் பயன்படுத்தலாம். படுக்கைக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

என்ன உடுத்துவது, எதை எடுத்துச்செல்வது

இந்தப் பாதையில் குளிர் ஒரே மாதிரி இருக்காது. ருமேனியாவின் வரலாற்றிலேயே மிகக் கடுமையான குளிர், 1942 ஜனவரி 25 அன்று, நம் ரயில் நிற்கும் பிராஷோவ் நகருக்குப் பக்கத்திலிருக்கும் போட் என்ற ஊரில் பதிவானது: சுழியத்துக்குக் கீழே 38.5 டிகிரி செல்சியஸ். வழக்கமான ஜனவரி இரவுகளில் அங்கே சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி சாதாரணம். இஸ்தான்புல்லிலோ பனியைவிட மழையும் ஈரக்காற்றும்தான் அதிகம். இவற்றுக்கு நடுவில், ரயில் பெட்டிக்குள் சூடேற்றி ஓடினால் சட்டையோடுகூட உட்கார முடியாது. ஒரே ஒரு கனத்த கோட்டை நம்பிப் போனால் பெட்டிக்குள் வியர்த்து, நடைமேடையில் அந்த வியர்வையோடே உறைய வேண்டிவரும். ஆகவே மூன்று அடுக்காக உடுத்துங்கள்: உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட். பருத்தி பனியன் நமக்குப் பழகியதுதான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் இங்கே உதவாது. காலணியின் அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும், ஏனென்றால் பனி மிதிபட்டு இறுகிய நடைமேடையில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறோம். முதியவர்களோடு போகிறவர்கள் சக்கரம் வைத்த பெட்டியையும் பெரிதாக நம்ப வேண்டாம். பனியில் சக்கரம் உருளாது. ஒரு கையில் தூக்க முடிகிற எடைக்கு மேல் சுமை வேண்டாம்.

உணவுப் பெட்டி இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாள் சாப்பாடும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். நல்ல பிளாஸ்க் ஒன்றை எடுத்துச்செல்லுங்கள். அதை விடுதியிலேயே வெந்நீரால் நிரப்பிக்கொண்டால் இரவு இரண்டு மணிக்கும் சுடச்சுட ஏதாவது குடிக்கலாம். இந்தியாவிலிருந்து வருபவர்கள், இறைச்சியையும் பால் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி போன்றவற்றை வைத்துக்கொண்டு, சோற்றையோ ரொட்டியையோ அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்காக வியன்னாவில் தங்கியிருந்த வீட்டில் புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டோம். அது புக்கரெஸ்ட் வரை தாங்கியது. சைவர்களுக்கும் வழியெங்கும் ஆகாரம் உண்டு. ருமேனியாவில் எள் தூவிய வளைய ரொட்டியான கோவ்ரிக், பல்கேரியாவில் வெண்பாலாடைக் கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா, துருக்கியில் சிமித் என்று நிலையங்களின் பக்கத்திலேயே சுடச்சுடக் கிடைக்கும். பானிட்சாவில் முட்டை சேரும், வேண்டாதவர்கள் கவனிக்கவும்.

பணத்துக்கு, ஆஸ்திரியாவிலும், 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவிலும் யூரோ செல்லும். ருமேனியாவுக்கு லெய், துருக்கிக்கு லிரா. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாங்கிய சிம் பல்கேரியா வரை வேலை செய்யும். துருக்கிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். குளிரில் கைபேசியின் பேட்டரி விரைவாக இறங்கும். சீட்டும் விசாவும் கைபேசியில் மட்டுமே இருந்தால் சரியான நேரத்தில் கைவிட்டுவிடும் என்பதால், எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டிய கடிகாரம்

ஹங்கேரியிலிருந்து ருமேனியாவுக்குள் நுழையும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். பல்கேரியாவிலிருந்து துருக்கிக்குள் நுழையும்போது, கோடையில் வேறுபாடு கிடையாது. குளிர்காலத்தில் மட்டும் இன்னொரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். துருக்கி 2016-இல் பருவந்தோறும் நேரம் மாற்றுவதைக் கைவிட்டதே இதற்குக் காரணம். எல்லைக்கு அருகில் கைபேசி இரண்டு நாட்டுக் கோபுரங்களையும் மாறிமாறிப் பிடிப்பதால் அது காட்டும் நேரமும் முன்னும் பின்னுமாகத் தாவும். கையில் ஒரு சாதாரண கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

வழியில்

டாசியாவில் ஏறுமுன் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஊர்ப்பலகையைப் படியுங்கள். இரவு ரயில்களில் பெட்டிகள் நடுவழியில் கழற்றப்படுவதும் சேர்க்கப்படுவதும் உண்டு என்பதால், ரயிலின் பெயரைவிட உங்கள் பெட்டியின் எண்ணும் சேருமிடமும்தான் முக்கியம். ருமேனிய எல்லையில் முன்பிருந்தது போன்ற நள்ளிரவுக் கடவுச்சீட்டுச் சோதனை இப்போது வழக்கமாக இல்லை. ஆனாலும் போலீசார் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், ஆகவே கடவுச்சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே படுங்கள். விடிந்த பிறகு திரான்சில்வேனியாவின் வெண்மையான வயல்களும், வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்து நேராக எழும் புகையும் தெரியும். பிராஷோவைத் தாண்டி பிரெடியால் கணவாயில் ஏறி இறங்கும்போது ரயில் போகும் திசைக்கு வலப்புறம் உட்காருங்கள். புசெஜி மலைத்தொடர் அந்தப் பக்கம்தான். இந்தப் பயணம் முழுவதிலும் சன்னலை விட்டு நகரக்கூடாத நேரம் அதுதான்.

புக்கரெஸ்டிலிருந்து சோபியாவுக்குக் கோடையில் நேரடிப் பெட்டி ஓடுவதுண்டு. குளிர்காலத்தில் ரூசேயில் மாற வேண்டும், சில வேளைகளில் கோர்னா ஓரியாகோவிட்சாவிலும் மாற வேண்டிவரும். இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் ரூசேயில் ஓரிரவு தங்கிவிடுங்கள். 1954-இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான இரும்புப் பாலத்தில் ரயில் டான்யூபை மிக மெதுவாகக் கடக்கும். ரூசேயில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய நிலையக் கட்டடத்தில் இப்போது போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1866-இல் திறக்கப்பட்ட ரூசே–வர்னா பாதைதான் பல்கேரியாவின் முதல் ரயில் பாதை. 1883-இல் வந்த அந்தப் பயணிகள் படகிலிருந்து இறங்கி ஏறிய பாதையும் அதுவே.

பல்கேரியாவில் பெயர்ப்பலகைகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் 'பி' போலத் தோன்றும் எழுத்து அங்கே 'ர' என்றும், 'சி' போலத் தோன்றுவது 'ஸ' என்றும் ஒலிக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டாலே ரூசே, சோபியா ஆகிய பெயர்களை அடையாளம் கண்டுவிடலாம். 'பெரோன்' என்றால் நடைமேடை, 'கொலொவோஸ்' என்றால் தண்டவாளம்; பலகையில் இரண்டு எண்கள் இருந்தால் எது எது என்று பாருங்கள். தலையசைப்பிலும் கவனம் வேண்டும். பல்கேரியர்கள் 'ஆம்' என்பதற்குப் பக்கவாட்டில் தலையை ஆட்டுவார்கள், 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். நாமும் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறவர்கள்தாம் என்பதால் முதல் பாதி நமக்கு எளிது. "சோபியா ரயில் இதுதானா?" என்று கேட்டு, அவர் தலையை மேலும் கீழும் அசைத்தால் ஏறிவிடாதீர்கள், வாயால் சொல்லும்வரை காத்திருங்கள். 'தா' என்றால் ஆம், 'நே' என்றால் இல்லை.

நள்ளிரவு எல்லை

இந்தப் பயணத்தில் கடினமான இடம் பல்கேரிய–துருக்கி எல்லைதான். சோபியாவில் மாலையில் புறப்படும் ரயில் நள்ளிரவைத் தாண்டித்தான் அங்கே வந்து நிற்கும். முதலில் பல்கேரியப் பக்கத்தில் கடவுச்சீட்டைச் சரிபார்ப்பார்கள். ஷெங்கன் பகுதியில் வந்துபோகிறவர்களின் கைரேகையையும் முகப்படத்தையும் பதியும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால் இதற்குச் சற்று நேரம் பிடிக்கலாம். அடுத்து துருக்கியின் கப்பிகுலே நிலையத்தில், தூக்கத்தில் இருப்பவர்களையும் எழுப்பி, எல்லோரையும் கீழே இறக்குவார்கள். சன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று முத்திரை பெற்று, மூட்டைமுடிச்சுகளைச் சோதனைக் கருவிக்குள் அனுப்பி எடுத்து, பிறகுதான் மீண்டும் ஏற முடியும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் முறை நான் காலணிகளைக் கழற்றி, நாடாக்களை முழுதும் அவிழ்த்துவிட்டுத் தூங்கியிருந்தேன். குளிரில் விறைத்த விரல்களோடு நாடாவைக் கட்டி முடித்து இறங்கும்போது வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டுவிட்டது. முக்கால் மணி நேரம் திறந்த நடைமேடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, கோட்டின் உள்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, அதன் உறையையும் கழற்றி அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார். சன்னலில் அவருடைய வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. அதற்கு அடுத்த பயணத்தில் நாங்கள் அப்படியே செய்தோம். நாடா இல்லாத காலணியோடு, முழு உடுப்போடு படுத்தோம். கடவுச்சீட்டு, அச்செடுத்த இ-விசா, சீட்டு, அப்பாவின் மாத்திரைகள், அவற்றின் மருத்துவர் சீட்டு எல்லாம் ஒரே துணிப்பையில் கழுத்தில் தொங்கின. பெட்டியைப் பூட்டித் தயாராக வைத்திருந்தோம். ரயில் நின்றவுடன் முதல் பத்துப் பேருக்குள் போய் நின்றதால் அப்பா கட்டடத்துக்குள்ளேயே இருக்க முடிந்தது. முத்திரை வாங்கிய பிறகு பிளாஸ்கிலிருந்த சுக்குத் தண்ணீரை மற்ற பயணிகள் இருவரோடும் பகிர்ந்து குடித்தார். இரவு ரயிலில் வேறு எதற்கு ஆயத்தமாகாவிட்டாலும், இந்த ஒரு நிறுத்தத்துக்கு ஆயத்தமாகிப் படுங்கள்.

போய்ச் சேர்தல்

ரயில் ஹல்கலியில் நின்றுவிடும். நகரின் நடுவுக்கு மர்மராய் என்ற புறநகர் ரயிலில் போக வேண்டும். அதே நிலையத்திலேயே இயந்திரத்தில் இஸ்தான்புல்கார்ட் எனப்படும் பயண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். சிர்கெஜியில் இறங்குங்கள். நடைமேடை மிக ஆழத்தில் இருப்பதால் வரிசையாகப் பல நகரும் படிக்கட்டுகளில் ஏறி மேலே வர வேண்டும். 1890-இல் கட்டி முடித்த பழைய சிர்கெஜி நிலையம், ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற அதே கட்டடம், அங்கேயே இருக்கிறது. செங்கல் வரிகளும் வண்ணக் கண்ணாடி வட்டச் சன்னல்களும் அப்படியே உள்ளன. விடுதி அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால், பெட்டியை மட்டும் காலையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவையுங்கள். அது உறுதியாகிவிட்டால், பக்கத்துக் கடையில் ஒரு சிமித்தும் பருப்பு சூப்பும் சாப்பிட்டுவிட்டு நேரே அங்கே போய்விடலாம்.